உலகிற்கு எழுதும் மடல் தமிழிலேயே எழுதப்படட்டும்!

உலக நடப்புகளைப் பற்றி எழுத வேண்டுமாயின் அதற்கு ஆங்கிலமே தகுதி என்னும் மயக்கம் நம் பள்ளிகளில் வேரோடி நிற்கின்றது. ஊர்த் திருவிழாவையும் உழவையும் எழுதத் தமிழ். போரையும் அமைதியையும், கடலையும் காலநிலையையும் எழுத ஆங்கிலம் என மாணாக்கர் தாமே பாகுபாடு செய்து கொள்கின்றனர். வீட்டிற்கும் தெருவிற்கும் போதும் என்று ஒதுக்கப்பெற்ற மொழி, நாளடைவில் வீட்டிற்கும் வேண்டாததாகிவிடும். ஓசையின்றி ஒரு மொழியைக் கொல்லும் வழி இஃதே.

இம்மயக்கத்தை வளர்ப்பவற்றுள் பன்னாட்டுக் கட்டுரைப் போட்டிகளும் அடங்கும். பொதுநலவாய நாடுகளின் மாணாக்கர்க்கென இலண்டனில் 1883 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கட்டுரைப் போட்டி, அரசியின் பெயரால் இன்றும் நடைபெறுகின்றது. அதற்கு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுதல் வேண்டும். பேரரசு போயிற்று, அதன் மொழிவேலி போகவில்லை!

ஆயின், தமிழுக்குத் திறந்த கதவும் ஒன்றுண்டு. உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் ஆண்டுதோறும் இளையோர் மடல்வரைப் போட்டியை நடத்தி வருகின்றது. அகவை 9 முதல் 15 வரை உள்ளோர் எழுதலாம். இந்திய அஞ்சல் துறை நடத்தும் முதற்கட்டத் தேர்வில், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் எதிலும் எழுத இசைவுண்டு. தமிழும் அவற்றுள் ஒன்று. இக்கதவைத் தட்டும் தமிழ்ப் பிள்ளைகள் எத்துணைப் பேர்? தட்டச் சொல்லும் ஆசிரியர்தாம் எத்துணைப் பேர்?

“பெர்ன் நகர நடுவர்க்கு மொழிபெயர்ப்புத்தானே பயன்படும்? பிறகு தமிழில் எழுதுவானேன்?” என்பார் உளர். மொழிபெயர்ப்பு படிப்பவனுக்காக, மூலம் எண்ணுபவனுக்காக. பதின்மூன்று அகவைச் சிறுவன் அரைகுறையாய்க் கற்ற மொழியில் எழுதும்பொழுது தன் எண்ணத்தை எழுதுவதில்லை; மனப்பாடம் செய்த தொடர்களையே எழுதுகின்றான். அவ்வாறு எழுதியது எந்நாட்டவன் கையிலும் இருக்கக் கூடிய வெற்றுரை.

2025 ஆம் ஆண்டுப் போட்டியின் பொருளையே எடுத்துக் கொள்வோம். ‘நீயே பெருங்கடல் என எண்ணிக்கொண்டு, உன்னைக் காக்க வேண்டியது ஏன், எவ்வாறு என ஒருவர்க்கு மடல் எழுதுக’ என்பது அது. கீழப்பழுவூர்ப் பிள்ளைக்கு இதனினும் உரிய பொருள் வேறு யாது? பல கோடி ஆண்டுகட்கு முன் இவ்வரியலூர் நிலமே கடலடியிற் கிடந்தது. அக்கடல்வாழ் உயிர்கள் கல்லாய்ச் சமைந்து இன்றும் நம் மண்ணிற் கிடைக்கின்றன. அருகிலுள்ள வாரணவாசி அருங்காட்சியகத்திற் காணவும் கிடைக்கின்றன. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லையே நம் சிமெந்து ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. கரையே காணாத பிள்ளையும், “நான் உன் காலடியில் இருந்த கடல், என் எலும்பினால் உன் வீட்டைக் கட்டினாய்” என்று தன் தாய்மொழியில் எழுதத் தொடங்கலாமன்றோ?

உலகச் செய்தி தமிழுக்குப் புதிதுமன்று. இம்மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திர சோழன், 1025 அளவில் கடல் கடந்து சிறீவிசயத்தின்மேற் படை செலுத்தினான். சிறீவிசயம், பண்ணை, மலையூர், நக்கவாரம், கடாரம் என அப்படையெடுப்பின் ஊர்களும் நாடுகளும் வரிசையாகப் பொறிக்கப்பெற்றது தமிழ் மெய்க்கீர்த்தியிலேயே. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கல் சுமந்த மொழி, இன்று தாள் சுமக்க மாட்டாதா?

ஆகவே, நாம் செய்யத்தக்கவை மூன்று. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் இவ்வஞ்சற் போட்டிக்குத் தம் மாணாக்கரைத் தமிழில் எழுதப் பழக்குக. கிழமைக்கொரு நாள் உலகச் செய்தி ஒன்றை வகுப்பிற் படித்து, அதற்குரிய தமிழ்ச் சொற்களைப் பிள்ளைகளோடு தேர்ந்து குறித்து வைக்க. தமிழக அரசு, பன்னாட்டு நடப்புப் பற்றிய கட்டுரைப் போட்டியைத் தமிழிலேயே நடத்தி, ஈழம், சிங்கை, மலையகத் தமிழ்ப் பிள்ளைகளையும் அதற்கு அழைக்க.

பரிசு வரினும் வாராவிடினும், உலகை நோக்கித் தமிழில் நிமிர்ந்து பேசிய பிள்ளை, பின்னர் ஒருநாளும் தன் மொழிக்கு நாணமாட்டான். அந்நிமிர்வே நாம் வேண்டும் பரிசு!