வேகத்தடையில் ஒரு தியானம்



வடவள்ளி வழியாக மருதமலைக்குச் செல்லும் சாலையில், வேகத்தடையைக் கண்ட மாத்திரத்தில், முன்னே போகும் கார்க்காரர் ஏறக்குறைய நின்றேவிட்டு, தலையில் தயிர்ப்பானை சுமப்பவர்போல் முன்சக்கரத்தை ஏற்றி, சற்றே யோசித்து, பின்சக்கரத்தையும் மெல்ல இறக்குவதற்குள், பின்னால் டவுன் பஸ்ஸும் இளநீர் டெம்போவும் மில் வேனும் வரிசைகட்டி ஹாரன் அடிப்பது நித்தியக் காட்சியாகிவிட்டது.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988-ஆம் ஆண்டு விதிப்படி, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வேகத்தடை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கது. நோபல் பரிசு பெற்ற பௌதிக விஞ்ஞானி ஆர்தர் காம்ப்டன் 1953-ல் தம் பல்கலைக்கழகச் சாலைக்கு இத்தகைய மேடுகளை வடிவமைத்ததும் வேகத்தைக் குறைக்கவே அன்றி, வண்டியை நிறுத்துவதற்கு அன்று. திடீரென்று நிற்பதால் அபாயம் பின்னே வரும் இருசக்கர வாகனக்காரருக்கே.

ஆயினும் ஓட்டுநரை மட்டும் நிந்திப்பது நியாயமாகாது. தெருவாசிகள் ராவோடு ராவாகக் கான்கிரீட் கொட்டி எழுப்பிய, வெள்ளைக் கோடோ எச்சரிக்கைப் பலகையோ இல்லாத குறுகிய மேட்டில் ஒருமுறை வண்டியின் அடிப்பாகம் உரசக் கேட்டவர், முறையான மேட்டையும் சந்தேகிப்பது சகஜந்தானே! ஆகவே, விதிக்குப் புறம்பான மேடுகளைப் பெயர்த்தெறிந்து, எஞ்சியவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்பே வர்ணம் பூச அதிகாரிகள் ஆவன செய்யவேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
வடவள்ளி, கோவை.