முன்னே சோதனை, பின்னே ஊசி

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் வயிற்று உபாதை பற்றிய பேச்சு எழாத வீடு அரிது. தண்ணீர் மாற்றம், வேளை தவறிய உணவு, இரவு வேலை எனக் காரணங்கள் பல. அண்மைக் காலமாக இவ்வுபாதைக்கு அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியத்தை நாடுவோர் பெருகி வருவதால், இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

மரபு வைத்தியத்தை இகழ்வது நம் நோக்கமன்று. எலும்பு முறிந்தவர்கள் நம்பிக்கையுடன் புத்தூர்க் கட்டை நாடி வரும் இப்பகுதியில் வாழும் நமக்கு அவ்வெண்ணம் எழவும் எழாது. ஆயினும் நம் சிற்றப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்லாதிருக்க இயலவில்லை. மேல்வயிற்று வலிக்காக மூன்று திங்கள் ஊசி குத்திக்கொண்டார். வலியும் சற்றுத் தணிந்தது. பின்னர் ஒரு நாள் மலம் தார்போல் கறுத்து, மயங்கி விழுந்தார். இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசிந்திருந்தது. தெய்வாதீனமாகப் பிழைத்தார்.

"சீனாவில் ஊசி குத்தியே குடல்வாலை எடுத்தார்கள்" என்பது சிற்றப்பா அடிக்கடி கூறும் கதை. உண்மை வேறு. 1971 ஜூலையில் பீகிங் சென்றிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. வழக்கமான மரப்பு மருந்து செலுத்தி, கத்தியால் அறுத்தே அதனை அகற்றினர். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி வருத்தியபோதுதான் முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மூன்று ஊசிகள் குத்தினர். ஒரு மணி நேரத்துக்குள் உப்பசம் தணிந்தது. அவர் எழுதிய கட்டுரையால் மேல்நாடுகளில் இவ்வைத்தியம் புகழ் பெற்றது.

நம் நாட்டுக்கோ அது அதற்கு முன்னரே வந்துவிட்டது. 1938-இல் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் இருந்த டாக்டர் பி. கே. பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் அங்குச் சென்று இதனைப் பயின்று வந்து கல்கத்தாவில் சிகிச்சை அளித்தார்.

இனி ஆராய்ச்சிகள் கூறுவதைக் காண்போம். நாட்பட்ட கடும் மலச்சிக்கல் உடைய 1,075 பேரைச் சீனாவின் 15 மருத்துவமனைகளில் சோதித்து 2016-இல் முடிவு வெளியிட்டனர். மின்னோட்டம் இணைத்த ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 31 பேரும், போலி ஊசி பெற்றோரில் 12 பேரும் நற்பயன் கண்டனர். உண்டபின் வயிறு கனத்து உப்பும் 278 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்விலும் மெய் ஊசியே மேம்பட்டது. ஆனால், வலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வருத்தும் குடல் உபாதையைப் பற்றிய 17 ஆய்வுகளை 2012-இல் தொகுத்து நோக்கியபோது, போலி ஊசியைவிட மெய் ஊசி சிறந்ததென நிறுவ இயலவில்லை.

அதே உபாதையுடைய 262 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. தோலைத் துளைக்காத போலி ஊசியே அதில் வைக்கப்பட்டது. சிகிச்சைக்குக் காத்திருந்தோரில் நூற்றுக்கு 28 பேரும், போலி ஊசி மட்டும் பெற்றோரில் 44 பேரும், அதனுடன் பரிவான பேச்சும் பெற்றோரில் 62 பேரும் போதிய நிவாரணம் கண்டதாகக் கூறினர். உற்றாரைப் பிரிந்து வாழும் நமக்கு, குறையைப் பொறுமையுடன் கேட்பார் ஒருவர் கிடைப்பதே பாதி மருந்து என்பது புதுமையன்று.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இவ்வகை ஆய்வுகளில் உள்ளே புண்ணோ கட்டியோ இல்லையென்று தெளிந்த பின்னரே நோயாளிகளைச் சேர்க்கின்றனர். ரெஸ்டனுக்கும் நோயை அறிந்து அறுத்த பின்னரே ஊசி வந்தது. நம் சிற்றப்பாவோ அவ்வரிசையைத் தலைகீழாக்கினார். வலி தணிந்ததே அவரை ஏமாற்றிவிட்டது.

ஆகவே அன்பர்களே, மலம் கறுத்தாலோ, இரத்தம் கண்டாலோ, உடல் காரணமின்றி மெலிந்தாலோ, விழுங்குதல் கடினமானாலோ, வாந்தி நில்லாதிருந்தாலோ ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழுதொன்றும் இல்லையென்று டாக்டர் உரைத்த பின்னரும் உபாதை நீடித்தால், பயிற்சி பெற்றவரிடம், ஒரே முறை பயன்படுத்தும் புது ஊசியால், அக்குபங்சர் செய்துகொள்வதில் தவறில்லை. வீட்டுப் பெரியவர்கள் வலியை மறைப்பவர்கள்; இன்றிரவே அவர்களை அருகிலமர்த்திக் கேட்டறியுங்கள்.