சைதாப்பேட்டையின் வெள்ளைப் பூச்சி

இந்த வாரம் ஏற்காடு கோடை விழாவைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பூக்களால் யானை, பூக்களால் அணை, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள அரை மைல் வரிசை. அதே மலையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. நம் மலைக்காடுகளில் தானாக வளரும் ஆர்க்கிட்டுகளைத் தேடிக் கொண்டுவந்து பேணும் இடம். யானையைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே எட்டிப் பார்க்கிறார்கள் என்று கொஞ்சம் புலம்பிவிட்டு, கடைசியில் சேர்வராயன் மலைக் காப்பியைப் புகழ்ந்து முடிக்கலாம் என்று திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தது ஒரு பரிசு. எங்கள் வீட்டு மனிதர், திருமண நாளை இந்த ஆண்டு அதிசயமாக நினைவு வைத்திருந்து, ஒரு நர்சரியிலிருந்து ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்தார். வெள்ளை இதழ், நடுவில் ஊதா. அழகில் குறை சொல்ல முடியாது. இலையைத் திருப்பிப் பார்த்தேன். (பூவைப் பார்க்காமல் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறவள் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு.) நடுநரம்பை ஒட்டி வெள்ளையாகப் பஞ்சுத் துணுக்குகள். தொலைபேசியில் நர்சரிக்காரரைப் பிடித்தேன். “அது ஒண்ணுமில்ல மேடம், பூவோட பவுடர். தொடச்சி விட்டுருங்க” என்றார்.

பவுடர் நடக்காது. இது நடந்தது.

மாவுப்பூச்சி. மாடியில் பூச்செடி வைத்திருக்கும் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. செம்பருத்தியில், கொய்யாவில், பப்பாளியில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஆர்க்கிட்டில் வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், ஒளிந்துகொள்ள அங்கே அத்தனை இடம். டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையின் தண்டைச் சுற்றிக் காய்ந்த தாள் போல ஓர் உறை இருக்கும். அதற்குள் குடும்பமாகக் குடியிருக்கும். இலை தண்டோடு சேரும் இடுக்கில் இருக்கும். தேங்காய் மட்டைத் துண்டுக்கும் கரிக்கும் நடுவே, வேரில் கூட இருக்கும். சாற்றை உறிஞ்சும், உறிஞ்சியதில் மிஞ்சும் இனிப்பை வெளியே விடும். அந்த இனிப்பின் மேல் கரும்பூஞ்சை படரும். இனிப்புக்காக எறும்பு வரும். வந்த எறும்பு சும்மா தின்றுவிட்டுப் போகாது. பூச்சியைத் தின்ன வரும் வண்டுகளை விரட்டும், குஞ்சுகளைப் பக்கத்துத் தொட்டிக்குத் தூக்கிப் போகும். தொட்டியில் எறும்பு வரிசையாக ஏறுகிறது என்றால் பூச்சி எங்கே என்று தேட ஆரம்பித்துவிட வேண்டும். மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பாட்டி காலத்து வழி; இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய வழக்கு ஒன்று தெரியும்: கைப்பேசியில் தோட்டக்கலை கற்றுத் தருபவர்கள். கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றும் விவகாரத்தில் வந்த கடிதங்கள் இன்னும் மேசை மேல் கிடக்கின்றன. மாவுப்பூச்சி என்று தேடினால் போதும், “உங்க கிச்சன்ல இருக்கிற இந்த ஒரே ஒரு பொருள்” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒருவருக்கு அது இலவங்கப்பட்டைத் தூள். பட்டைத் தூள், இலையை வெட்டிய காயத்தில் பூஞ்சை வராமல் இருக்கத் தடவுவது. ஆர்க்கிட் வேரில் கொட்டினால் வேர்தான் காயும், பூச்சி அங்கேயே இருக்கும். இன்னொருவருக்கு அரிசி கழுவிய தண்ணீர். மரப்பட்டையும் கரியும் நிரம்பிய தொட்டியில் அதை ஊற்றினால் புளித்து நாறும், கொசு போன்ற சிறு ஈக்கள் வரும். மூன்றாமவர் பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயத் தோல் மூன்றையும் அரைக்கச் சொன்னார்; கூடக் கொஞ்சம் தேங்காய் வைத்தால் இட்லிக்கு ஆகும். இவர்களுக்கு எதிர்ப்பக்கம் மருந்துக் கடைக்காரர். நாலு தொட்டி வைத்திருப்பவரிடம் பருத்தி வயலுக்கு அடிக்கிற மருந்தை எடுத்து நீட்டுவார். பால்கனியில் துணி காய்கிறது, குழந்தை விளையாடுகிறது, எதிர்வீட்டு மாமியின் பூனை உலாவுகிறது. அதெல்லாம் அவர் கணக்கில் வராது.

செய்ய வேண்டியது சலிப்பூட்டும் அளவுக்கு எளியது. புதுச்செடியை மற்றவற்றோடு சேர்க்காமல் தள்ளி வைக்க வேண்டும். ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து, கண்ணில் படும் ஒவ்வொரு பூச்சியையும் தொட வேண்டும். அதன் உடம்பில் இருப்பது மெழுகு. தண்ணீர் ஒட்டாது, ஸ்பிரிட் ஊடுருவும். தண்டின் காய்ந்த உறையை உரித்துவிட வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும் என்பதால் ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது. அவை பொரிந்து, மெழுகு பூசிக்கொள்ளாத குஞ்சுகள் ஊர்ந்து வரும்போதுதான் மருந்து பிடிக்கும். ஆகவே வாரம் ஒரு முறை, ஒரு மாதம். இதை வீடியோவாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பஞ்சுக் குச்சியை எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே வெள்ளை நிறத்தில், ஆனால் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகளோடு சடைநாய் மாதிரி ஒன்று வேகமாக ஓடினால் அதை விட்டுவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலிய வண்டு, 1898-இலேயே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், காப்பிச் செடியின் செதில் பூச்சியைத் தின்னட்டும் என்று. இன்று திராட்சை, கொய்யாத் தோட்டங்களில் விடுவதற்காக அதை வளர்த்தே விற்கிறார்கள். எறும்பை ஏமாற்றத்தான் இந்த வேஷம் என்பார்கள். எறும்பு ஏமாறுகிறதோ இல்லையோ, மனிதர்கள் தவறாமல் ஏமாறுகிறார்கள்.

வெள்ளைப் பூச்சியைப் பார்த்து ஏமாறுவது நம் ஊருக்குப் புதிதல்ல. அதற்காகவே சைதாப்பேட்டையில் ஒரு தோட்டம் போட்டவர்கள் இருந்தார்கள். நான் இருப்பதும் சைதாப்பேட்டையில்தான் என்பதால் இந்தக் கதைமேல் எனக்குத் தனிப் பிரியம். ஏற்காடு அடுத்த கோடைக்கும் இருக்கும்.

1786-இல் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவத் துறையில் மேலே வந்தவர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தார். மல்பெரி, பட்டுப்புழு என்று கையில் கிடைத்ததையெல்லாம் இங்கே வளர்த்துப் பார்க்கிற ஆசாமி. ஒருநாள் புல்லில் வெள்ளையாகச் சில பூச்சிகளைப் பார்த்தார். நானாக இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பேன். அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். உடனே லண்டனில் இருந்த தாவரவியல் அறிஞர் சர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார்: சென்னையில் கொச்சினீல் கிடைத்துவிட்டது! அந்தக் கடிதங்கள் 1788-இல் இங்கேயே அச்சாகிப் புத்தகமாகவும் வந்தன.

கொச்சினீல் என்பது மாவுப்பூச்சியின் பங்காளி. கள்ளிச் செடியில் வாழும்; மேலே அதே வெள்ளைப் பஞ்சு. நசுக்கினால் மட்டும் ரத்தச் சிவப்பு. காயவைத்துப் பொடித்தால் அந்தக் காலத்து உலகத்தின் மிக உயர்ந்த சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்சிகோவில், முக்கியமாக ஒவாஹாகா பக்கத்தில், அங்குள்ள பழங்குடி மக்கள் கள்ளித் தோட்டம் போட்டு இதை வளர்த்தார்கள். விற்றுக் கொழித்தது ஸ்பெயின். மெக்சிகோவிலிருந்து கப்பல் ஏறிய சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். ரகசியத்தை இறுக்கிப் பிடித்திருந்ததால், காய்ந்த அந்த மணிகள் விதையா பூச்சியா என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் சண்டை. 1777-இல் ஒரு பிரெஞ்சுக்காரர், தியெரி த மெனோவில், ஒவாஹாகா வரை போய்ப் பூச்சியையும் கள்ளியையும் கடத்திக்கொண்டு வந்தார். ஆங்கிலேயர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா? அவர்களுடைய படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் ஸ்பெயின்காரனிடம் அல்லவா வாங்க வேண்டியிருந்தது.

புல்லில் கண்ட பூச்சி கொச்சினீல் இல்லை என்று ஆகிவிட்டது. ஆண்டர்சன் அசரவில்லை. பூச்சி இல்லாவிட்டால் என்ன, அது வரும்போது தின்பதற்குக் கள்ளி தயாராக இருக்கட்டும் என்றார். பேங்க்ஸ் மூலமாக லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து நோபால் கள்ளி வந்தது. சைதாப்பேட்டையில் அதற்கென்றே கம்பெனி செலவில் ஒரு தோட்டம். ‘நோபல்ரி’ என்று பெயர். மேற்பார்வை யார்? ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. அக்கா தங்கை பிள்ளைக்கு வேலை பிடித்துக் கொடுப்பது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. விருந்தாளி வராமலே இலை போட்டுக் காத்திருந்தார்கள். காத்திருந்த நாளில் ஆண்டர்சன் இன்னொரு யோசனையும் சொன்னார்: கப்பலில் நெடுநாள் போகிற மாலுமிகளுக்குப் பல்லீறு வீங்கி ரத்தம் கொட்டும் ஸ்கர்வி நோய் வருகிறதே, அவர்களுக்கு இந்தக் கள்ளியை உணவாகக் கொடுக்கலாம். பூச்சிக்குப் போட்ட இலையை மாலுமிக்கு எடுத்துவைத்த மனிதர்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

1795-இல் விருந்தாளி வந்தது. கேப்டன் நீல்சன் என்ற படை அதிகாரி, ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது பூச்சியோடு கள்ளியைப் பிடுங்கிக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே தாவரவியல் தோட்டத்தில் பெருகியது, சென்னைக்கும் அனுப்பினார்கள். ஊரே கொண்டாடியிருக்கும். சாயம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வந்தது மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த உயர்ந்த ரகம் அல்ல. அதன் காட்டுச் சொந்தம். சாயம் மட்டம். லண்டன் சந்தையில் விலை போகவில்லை. 1800-இல் சைதாப்பேட்டைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள்.

ஆனால் பூச்சிக்குச் சாயச் சந்தை நிலவரம் தெரியுமா? அது தின்றுகொண்டே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து நம் நிலமெல்லாம் பரவி, வேலியாக நட்டவர்களையே வெளியே நிறுத்திய கள்ளி ஒன்று வட இந்தியாவில் காணாமல் போக ஆரம்பித்தது. அதைப் பார்த்தவர்கள் 1836-க்கும் 1838-க்கும் இடையில் பூச்சியைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். இங்கேயும் அந்தக் கள்ளி ஒழிந்தது. 1860களில் பூச்சி இலங்கைக்கும் போனது. களைச் செடியைப் பூச்சியை விட்டு அழித்ததில் உலகிலேயே முதல் வெற்றி என்று பூச்சியியல் பாடப்புத்தகங்களில் இதைத்தான் எழுதுகிறார்கள்.

அப்படியானால் சப்பாத்திக்கள்ளி எப்படி மிஞ்சியது என்று திருநெல்வேலிக்காரர்கள் கேட்பார்கள். அது வேறு ஜாதிக் கள்ளி. நீல்சனின் பூச்சி அதைத் தொடவே தொடாது. அவ்வளவு நாக்கு ருசி. அந்த இடத்தையும் சேர்த்துச் சப்பாத்திக்கள்ளி பரவி, மேய்ச்சல் நிலமும் கண்மாய்க் கரையும் அதன் வசமாயின. 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் வகையைக் கொண்டுவந்து விட்டார்கள். சில ஆண்டுகளில் காடு காடாகக் கிடந்த கள்ளி வெள்ளைப் பஞ்சு பூத்து, வாடி, மக்கிப்போனது. முழுக்க அழியவில்லை. பழத்தின் முள்ளைத் தரையில் தேய்த்து எடுத்து, தின்று, நாக்குச் சிவந்து வீட்டுக்கு வந்து அடி வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே கள்ளித் தொல்லை; அங்கே அதைத் தின்று தீர்த்தது ஓர் அந்துப்பூச்சியின் புழு. நன்றி மறக்காத குவீன்ஸ்லாந்து விவசாயிகள் பூனார்கா என்ற ஊரில் அந்த அந்துப்பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பூச்சிக்கு ஒரு தெருப்பெயர் கூடக் கிடையாது. ஆண்டர்சனுக்காவது நுங்கம்பாக்கத்தில் ஒரு சாலை இருக்கிறது.

ஃபெலனாப்சிஸ் தனியாகக் குளியலறை ஜன்னலில் இருக்கிறது, ஸ்பிரிட் சிகிச்சை நடக்கிறது. நர்சரிக்காரருக்கு என்ன பதில் சொன்னாய் என்று கேட்டு எழுதாதீர்கள். பத்திரிகையில் அச்சேற்றும் தரத்தில் இல்லை.

எதிர்வீட்டு மாமி வந்து பஞ்சுக் குச்சியும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். “பாவம்டி, பூச்சியக் கொல்றியே” என்றார். மாமி வெங்காயம் கூடத் தொடாதவர். 1856-க்குப் பிறகு செயற்கைச் சாயங்கள் வந்து கொச்சினீலின் ராஜ்யம் சரிந்தது என்றாலும், அது முற்றிலும் ஓயவில்லை. உதட்டுச் சாயத்திலும், வெளிநாட்டு மிட்டாய்களிலும், தயிர் வகைகளிலும் இ120 என்ற எண்ணில் இன்றும் இருக்கிறது. மாமியின் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மிட்டாயில் இரண்டை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். டப்பாவின் பின்பக்கத்தை நான் படிக்கவில்லை, மாமியையும் படிக்கச் சொல்லப்போவதில்லை.