நான்கு சந்தை வேண்டாம், ஒன்று போதும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் ஐரோப்பாவில் வேலை பார்க்கும் அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் படங்கள் அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். வரிசையாக மரக்கடைகள், மின்விளக்குச் சரங்கள், கையில் ஆவி பறக்கும் கிண்ணம், பின்னால் ஒரு கோவில் கோபுரம். மறுநாள் வேறொரு கோபுரம்; அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. கிண்ணத்தின் நிறம் மட்டும் மாறியிருக்கும்! வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடும் இத்தகைய சிறு பயணங்களில், எத்தனை கிறிஸ்மஸ் சந்தைகளைப் பார்த்தோம் என்பதே பெருமையாகப் பேசப்படுகிறது. இதைப் பற்றி எங்கள் வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. கொலோன், ஸ்ட்ராஸ்பர்க், நியூரம்பெர்க், டிரெஸ்டன் என்று மூன்று நாளில் நான்கு ஊர் பார்ப்பதே கெட்டிக்காரத்தனம் என்றனர் ஒரு சாரார். ஒரே ஊர் போதும் என்பது எங்கள் கட்சி. “நீங்கள் அங்கே போனதே இல்லையே, உங்களுக்கு ஏன் இந்தக் கவலை?” என்று பெரியவர்கள் சிரிக்கலாம். நாளைக்குப் போகப்போகிறவர்கள் நாங்கள்தாமே!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பாலன் இயேசுவின் பிறப்பு விழாவை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று இச்சந்தைகளைக் குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை நாங்கள் ஏற்கவில்லை. இவை தொடக்கத்திலிருந்தே சந்தைகள்தாம். டிரெஸ்டன் நகரத்தில் 1434-ஆம் ஆண்டு ஆட்சியாளர் இரண்டாம் பிரடெரிக் அனுமதித்தது, கிறிஸ்மஸுக்கு முந்தின நாளில் ஒரே ஒரு நாள் கூடும் இறைச்சிச் சந்தை. திருவருகைக் காலம் முழுவதும் ஒறுத்தலிருந்த மக்களுக்கு மறுநாள் விருந்துக்கு இறைச்சி வேண்டுமல்லவா? அந்நாட்களில் வெண்ணெய்கூட விலக்கப்பட்டிருந்தது. ஸ்டோலன் எனப்படும் கிறிஸ்மஸ் ரொட்டியை எண்ணெயில் செய்து சலித்துப்போன சாக்சனி மக்களுக்கு, வெண்ணெய் சேர்த்துக்கொள்ள அனுமதி தந்து 1491-இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ட் கடிதமே எழுதினார். எங்கள் சகோதரிகள் தவக்காலத்தில் இவ்வளவு இரக்கம் காட்டுவார்களா என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

ஆகவே வாங்குவதிலும் தின்பதிலும் தவறில்லை. எதை, எங்கே நின்று தின்கிறோம் என்று தெரியாமல் ஓடுவதைத்தான் நாங்கள் குறை சொல்கிறோம். இதை விளக்க நியூரம்பெர்க் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

அந்நகரின் சந்தை எப்பொழுது தொடங்கியது என்பதற்கு ஏடு எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் 1628-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சிறு மரப்பெட்டிதான். ஓர் இளம்பெண் சந்தையில் வாங்கி மற்றொருத்திக்கு அனுப்பிய பரிசு அது. அந்தச் செய்தி பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அரசர்களின் பட்டயம் கிடைக்காத இடத்தில் இரு பெண்களின் நட்பு சாட்சி சொல்கிறது என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. அப்பெட்டி இன்றும் அவ்வூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கு ஊர் சுற்றுபவருக்கு அதைப் பார்க்க நேரம் ஏது?

சந்தையில் விற்கும் பண்டங்களும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்து, அக்ரூட் கொட்டையைத் தலையாக்கிச் செய்யும் பொம்மைகள் அவ்வூருக்கே உரியவை. லெப்கூஹன் என்னும் மசாலாப் பணியாரத்தை நற்கருணை அப்பம் போன்ற மெல்லிய தகட்டின்மேல் வைத்துச் சுடுகிறார்கள். அதில் உயர்ந்த வகையான எலீஸனில் கால் பங்காவது கொட்டைப் பருப்பு இருக்க வேண்டும்; மாவு பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. நகரத்தோடு நட்புறவு பூண்ட ஊர்களின் பொருள்களுக்கென்றே தனிச் சந்தையும் உண்டு. உக்ரைனின் கார்கிவ், நிகராகுவாவின் சான் கார்லோஸ் முதலியவை அந்த நட்பு நகரங்கள்.

ஆனால் எங்கள் மனத்தைக் கவர்ந்தவள் கடைகளுக்கு மேலே நிற்பவள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, மாதா கோவிலின் மாடத்தில் பொன் முடியும் பொன்னிறச் சுருள் பொய்க்கூந்தலும் அணிந்த ஒரு பெண் தோன்றி, தொடக்கவுரை சொல்லிச் சந்தையைத் திறந்துவைக்கிறாள். அவள் பெயர் கிறிஸ்ட்கிண்ட், அதாவது பாலன் கிறிஸ்து. பிள்ளைகளுக்குப் பரிசு தருபவர் புனித நிக்கோலாஸ் என்றிருந்ததை, சீர்திருத்தக் காலத்தில் லுத்தரைப் பின்பற்றியோர் பாலன் கிறிஸ்து என்று மாற்றினர். இந்த மாற்றத்தில் நிக்கோலாஸ் புனிதருக்கு நாங்கள் சற்றே அனுதாபப்படுகிறோம். முன்னே நடிகைகள் ஏற்ற இவ்வேடத்தை, 1969 முதல் நகரத்து இளம்பெண் ஒருத்தி ஏற்கிறாள். ஈராண்டுக்கு ஒரு முறை தேர்தல். வயது 16 முதல் 19 வரை. உயரத்தைக் கண்டு தலைசுற்றக் கூடாது என்பதும் ஒரு விதி. மாடத்தில் நின்றதோடு அவள் வேலை முடிவதில்லை. மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பாலர் பள்ளிகள் என்று அந்த நான்கு வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குச் செல்கிறாள். வாரநாட்களில் பிற்பகல் வேளையில் சந்தைக்கும் வந்து குழந்தைகளோடு பேசுகிறாள். சனி, ஞாயிறு மட்டும் வந்து போகிறவர் அவளைக் காண்பது அரிது.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 17 வயது மாணவியின் தந்தை இந்திய வம்சாவழியினர். அவளுடைய நிறத்தையும் தோற்றத்தையும் இழித்து ஒரு கட்சியின் மாவட்டக் கிளை இணையத்தில் எழுதியது. நகரமே அவள் பக்கம் நின்றது, எழுதியதை நீக்கினார்கள், நவம்பர் 29 அன்று அவள் மாடத்தில் நின்று உரையைச் சொன்னாள். பொன்னிறக் கூந்தலோ பொய்க்கூந்தல். பெத்லகேமில் பிறந்த பாலனோ ஆசியக் கண்டத்தவர். அப்படியிருக்க, யார் யாருடைய நிறத்தைக் குறை கூறுவது?

இனி அந்தத் திடலின் கதை. இதை எழுதலாமா என்று தயங்கினோம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். சந்தை கூடும் ஹௌப்ட்மார்க்ட் திடல் ஒரு காலத்தில் யூதர்களின் குடியிருப்பு. 1349-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட யூதர்கள் அங்கே கொல்லப்பட்டனர். புனித நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின நாள் அது; திருவருகைக் காலம்! வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் அமைக்கவும், தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மாதா கோவில் கட்டவும் மன்னர் நான்காம் சார்லஸ் முன்னதாகவே அனுமதி தந்திருந்தார். நம் தாயின் பெயரால் எழுந்த கோவில் அவளுடைய சொந்த இனத்தாரின் இரத்தம் சிந்திய மண்ணில் நிற்கிறது. பின்னர் 1933-இல் நாஜிகள், வேறிடத்தில் நடந்துவந்த சந்தையை இத்திடலுக்குக் கொண்டுவந்து, திடலுக்கே இட்லரின் பெயரைச் சூட்டினர். மாடத்துத் தொடக்கவுரையும் அந்த ஆண்டில்தான் புகுத்தப்பட்டது. போர் வந்தது, சந்தை நின்றது. 1945 ஜனவரி 2-ஆம் நாள் குண்டுவீச்சில் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. 1948-இல் இடிபாடுகளுக்கிடையே புதிய உரையோடு சந்தை மறுபடி கூடியது.

இவ்வளவும் ஒரே திடலில்! கையில் கிண்ணத்தோடு அங்கு நிற்பவர் இதைத் தெரிந்துகொண்டால் கொண்டாட்டம் கெட்டுவிடும் என்று எதிர்க்கட்சித் தோழி ஒருத்தி சொன்னாள். கெடட்டுமே, சிறிது நேரம் கெட்டால் என்ன? அவ்வூர் மக்கள் எல்லாம் தெரிந்தும் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்களே. 2016-இல் பெர்லினிலும், 2018-இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலும், 2024-இல் மாக்டெபர்க்கிலும் சந்தைக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். சந்தை வாயில்களில் கற்கட்டைகள் நிற்பதன் காரணம் அதுதான். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை அறிய வேண்டும்.

எங்களை மடக்கிய கேள்வி வேறு. வாழ்நாளில் ஒரே முறை போகிறவர், மகன் அங்கே இருப்பதால் சேமித்து வைத்துப் போகும் தாய் தந்தையர், இன்னொரு முறை வர முடியுமா? கிடைத்த மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படுவது குற்றமா? குற்றமில்லை. ஆனால் குளிரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்நாட்களில், வயதானவர்களை இரயில் விட்டு இரயில் ஏற்றி அலைக்கழித்தால் அவர்கள் நினைவில் நிற்பது இரயில் நிலையங்கள்தாம். பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள், எங்கள் கட்சிக்கே வாக்களிப்பார்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இது கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கும் காலத்துச் சந்தை. டிசம்பர் 24 பிற்பகலோடு கடைகளை அடைத்துவிட்டு மக்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே பரீட்சை முடிந்து விமானம் ஏறி 25-ஆம் தேதி போய் இறங்கினால் வெறுந்திடலைத்தான் காணலாம். மற்றது கிண்ணம். பானத்தின் விலையோடு கிண்ணத்துக்கும் முன்பணம் வாங்குகிறார்கள். கிண்ணத்தைத் திருப்பினால் பணம் திரும்பும், ஊர்ப்பெயர் எழுதிய கிண்ணம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். எதிர்க்கட்சியார் ஊருக்கொன்றாக நான்கு கிண்ணம் கொண்டுவருவார்களாம். எங்களுக்கு ஒன்று போதும். அதுவும் பெரியவர்கள் குடிக்கும் சுடவைத்த திராட்சை இரசத்துக்கல்ல, பிள்ளைகளுக்கான சூடான பழச்சாற்றுக்குத்தான் என்பதைச் சகோதரிகளுக்கு இங்கேயே தெரிவித்துவிடுகிறோம்.