சட்டம் தெரிந்துகொள்வோம்: தபாலில் போன வெள்ளிக் காப்பு

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்:

"என் மகள் புகுந்த வீட்டில் இருக்கிறாள். பேரனுக்கு வெள்ளி அரைஞாணும் காப்பும் வாங்கி, துணிமணியோடு சேர்த்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். இன்ஷூர் செய்யவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்தது. துணி இருந்தது, வெள்ளி இல்லை. ஓர் ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினாற்போல் இருந்ததாம். தபாலாபீஸில் கேட்டால், 'இன்ஷூர் பண்ணாததுக்கு நாங்க என்னம்மா செய்யறது?' என்கிறார்கள். சம்பந்தியம்மாளோ, 'வச்சு அனுப்பியிருந்தா வந்திருக்குமே' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். வெள்ளி போனதைவிட அந்த வார்த்தைதான் நெஞ்சில் குத்துகிறது. சட்டத்தில் எனக்கு வழி உண்டா?"

உண்டு, சகோதரி. ஆனால் எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு தட்டுங்கள். நஷ்டஈடு ஒரு கதவு, திருட்டுப் புகார் இன்னொரு கதவு. தபாலாபீஸில் உங்களுக்குச் சொன்ன பதில் முதல் கதவுக்கு மட்டுந்தான் பொருந்தும்.

நஷ்டஈட்டு விஷயத்தில் சட்டம் தபால் இலாகாவின் பக்கம்தான் சாய்கிறது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் இலாகாவுக்குப் பொறுப்பில்லை என்றது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 10ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இது இன்று நேற்றைய கதை அல்ல. இங்கிலாந்தில் வைர வியாபாரிகள் அனுப்பிய பொட்டலங்களைத் தபால் ஊழியரே திருடிவிட்டார். அப்படியிருந்தும், 'அனுப்பினவருக்கும் தபாலாபீஸுக்கும் ஒப்பந்தம் என்று ஒன்று இல்லை' என்று 1957இல் அங்கே தீர்ப்பாயிற்று. தபால் என்பது சரக்கு ஏற்றிச் செல்லும் வியாபாரம் அல்ல, சட்டப்படி நடக்கும் பொதுச் சேவை என்று நம் உச்சநீதிமன்றமும் பின்னாளில் சொன்னது.

ஸ்பீடு போஸ்டில் பொருள் தொலைந்தால், கட்டிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதுதான் நெடுங்காலம் நுகர்வோர் வழக்குகளில் பேசப்பட்டு வந்த கணக்கு. வெள்ளியின் விலை அந்தக் கணக்கிலேயே வராது. போதாததற்கு, நகைநட்டு, ரூபாய் நோட்டெல்லாம் இன்ஷூர் செய்துதான் அனுப்ப வேண்டும் என்பது பழைய நாளிலிருந்தே தபால் விதி. எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

அதே 10ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஊழியர் மோசடி செய்தாலோ, வேண்டுமென்றே இழப்பு உண்டாக்கினாலோ, அந்த ஊழியர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆகவே யார் கையில், எந்த இடத்தில் போயிற்று என்று தெரிவதுதான் உங்கள் வழக்குக்கு உயிர்.

இனி இரண்டாவது கதவு. இன்ஷூர் செய்யாத பொருளைத் திருடினாலும் அது திருட்டுதான்! பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டியிலிருந்து திருடினால் 305ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. பொறுப்பில் விட்ட பொருளை அரசு ஊழியரே கையாடினால் 316(5)ஆம் பிரிவு. பத்து ஆண்டு வரை, ஏன், ஆயுள் தண்டனைகூட உண்டு.

'எங்கே திருடு போச்சோ அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போம்மா' என்று சொல்லி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதி அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்:

1. பார்சலின் மேலட்டையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று மகளிடம் இன்றே சொல்லுங்கள். பிரித்து ஒட்டின ஓரத்தைப் போட்டோ எடுக்கட்டும். இப்போது பார்சலில் இருக்கிற எடையை அங்கேயே தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. உங்கள் ரசீதை எடுங்கள். அதில் பதிவான எடை இருக்கும். போன எடைக்கும் வந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு முதல் சாட்சி. நகைக்கடைப் பில்லையும் கூட வையுங்கள்.

3. போஸ்ட் மாஸ்டருக்கும், கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

4. பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, 'இந்த எண்ணுள்ள பார்சல் எந்தெந்த அலுவலகத்தில் எந்த நேரம் கைமாறியது, என்ன விசாரணை நடந்தது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

5. அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, சிறு தொகைக்குக் கட்டணமும் இல்லை. விசாரணையே செய்யாமல் தட்டிக்கழித்தார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் பேச்சுக்கு வலு கூடும்.

தனியார் கூரியரில் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், கையெழுத்திட்ட சீட்டில் 100 டாலர்தான் பொறுப்பு என்று இருந்ததால், அதற்குமேல் கிடையாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது.

காணாமற்போன தபாலில் செக் இருந்தால் அன்றைக்கே பாங்குக்குச் சொல்லிப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் புகார் கட்டாயம் வேண்டும். நகல் வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இதைப் படிக்கிற மற்ற சகோதரிகளுக்கு: பொருளின் மதிப்பைச் சொல்லி இன்ஷூர் செய்யுங்கள். கட்டும் போதே போட்டோ எடுங்கள், உள்ளே ஒரு பட்டியல் வையுங்கள். வந்த பார்சல் கிழிந்திருந்தால் கையெழுத்துப் போடுமுன், அதிகாரி முன்னால் பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று கேளுங்கள்.

வெள்ளி முழுதாகத் திரும்புமா என்றால், கள்ளன் அகப்பட்டால்தான். அகப்பட்டால் கோர்ட்டில் மனு செய்து பொருளைத் திரும்பப் பெறலாம். ஆனால் ரசீதில் எடையும், கையில் புகார் நகலும் இருக்கும்போது, 'அனுப்பவே இல்லை' என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. சம்பந்தியம்மாளிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த இரண்டு காகிதத்தையும் காட்டுங்கள், போதும்.