ஆறு தந்திகளும் எட்டு மணி நேரமும்

பெங்களூருவின் ஈஜிபுராவில் மாலை வேளைகளில் கிதார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கும் இளைஞர்களைக் காண்பது அரிதன்று. ஒருபுறம் கோரமங்களா, மறுபுறம் விவேக் நகர். மென்பொருள் நிறுவன ஊழியர்கள், அவர்களுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் தொழிலாளர்கள், அவர்தம் வீடுகளைப் பெருக்கித் துடைக்கும் பெண்கள் ஆகிய அனைவரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் பகுதி அது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் இடம்.

உலகெங்கும் கிதார் கற்கத் தொடங்குவோர் எந்தப் பாடல்களில் விரல் பழகுகிறார்களோ, அவற்றில்தான் பெங்களூரு இளைஞர்களும் பழகுகிறார்கள். பாப் டிலனின் ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’, பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’, அனிமல்ஸ் குழு புகழ்பெறச் செய்த ‘ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்’, டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’. தமிழ் வீட்டுப் பிள்ளையானால் இவற்றோடு ‘இளைய நிலா’வும் சேரும்.

இக்காட்சியைக் காணும் இடதுசாரி அணியினர் சிலருக்கு முகம் சுளிக்கிறது. மேலை நாட்டு மோகம், நுகர்வுப் பண்பாடு, வசதி படைத்தோர் பொழுதுபோக்கு என்று மூன்று சொற்களில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பறையும் கிராமியப் பாடலுமே மக்கள் கலை, கிதார் அந்நியரின் கருவி என்னும் எண்ணம் இன்னும் பலரிடம் உள்ளது. தீர்ப்பு எளிது. எனினும், உழைக்கும் வர்க்கம் தனக்குரிய ஒன்றைத் தானே எதிரிக்கு எழுதிக் கொடுப்பதில்தான் அது முடியும்.

பாடல்கள் யாருடையவை?

ராக் இசையின் வேர் ‘புளூஸ்’. அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களில், அடிமை முறையிலிருந்து சட்டப்படி விடுபட்டும் கடனிலிருந்து விடுபடாத கறுப்பினக் குத்தகை விவசாயிகளிடையே பிறந்த இசை அது. அதன் பரவலான வடிவம் பன்னிரண்டு தாளக் கட்டங்களும் மூன்று கார்டுகளும் கொண்டது. விலை மலிந்த ஒரு கிதாரும் ஒரு குரலும் இருந்தால் போதும். இந்த மூன்று கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்தவர் ராக் இசையின் கணிசமான பாடல்களை வாசித்துவிடலாம். அந்த எளிமைக்குக் காரணம், அதைப் படைத்தவர்களுக்கு இசைக் கல்லூரியின் வாசல் திறந்திருக்கவில்லை என்பதே.

பர்மிங்காம் நகரத்து டோனி அயோமியின் வரலாறு இன்னும் நேரடியானது. உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த அந்தப் பதினேழு வயது இளைஞர், 1965-இல் தம் கடைசி வேலை நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரல் உறைகள் செய்துகொண்டார்; அழுத்த எளிதாக இருக்கும் மெல்லிய தந்திகளைப் பூட்டினார்; பின்னர் அவற்றின் முறுக்கையும் தளர்த்திச் சுருதியைக் கீழிறக்கினார். அதிலிருந்து எழுந்த கனத்த, இருண்ட ஒலியே பிளாக் சப்பாத் குழுவின் அடையாளமாயிற்று. ‘ஹெவி மெட்டல்’ என்னும் இசைவகைக்கு அடித்தளமாயிற்று. 2007-இல் அயர்ன் மெய்டன் குழுவும் 2011-இல் மெட்டாலிகா குழுவும் பெங்களூருவுக்கு வந்தபோது பல்லாயிரவர் திரண்டு கேட்ட இசையின் பின்னே, பாதுகாப்பற்ற ஒரு பட்டறை இயந்திரம் இருக்கிறது.

உழைப்பு இருக்கும் இடத்தில் சுரண்டலும் இருக்கும். ‘த லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்னும் பாடலை உலகம் 1961 முதல் முணுமுணுக்கிறது. அதன் மூலம், தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-இல் பதிவு செய்த ‘இம்பூபே’ என்னும் ஜூலு பாடல். இசைத்தட்டு நிறுவனத்தில் எளிய வேலைபார்த்த அவர், பாட்டின் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டு 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்து, 2006-இல்தான் உடன்பாட்டின் வழியே ஓரளவு நீதி பெற்றனர். லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலில் தம் வரிகள் எடுத்தாளப்பட்டதாகக் கறுப்பினப் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985-இல் வழக்குத் தொடர்ந்தார். அதுவும் உடன்பாட்டில் முடிந்தது. தொழிற்சாலைச் சரக்கைப் போலவே பாட்டிலும் உபரி பறிக்கப்படுகிறது. ஆனால் அதைப் படைத்தவர் பறித்தவரல்லர்.

இந்த இசையைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. கறுப்பினத்தாரின் புளூஸாலும் பாப் மார்லியின் பாட்டாலும் புகழ் சேர்த்த எரிக் கிளாப்டன், 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையிலிருந்தே குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கினார். அதற்கு எதிர்வினையாகவே ‘இனவெறிக்கு எதிரான ராக்’ இயக்கம் எழுந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரவர் அணிவகுத்தனர். கிளாஷ் குழு அங்கு வாசித்தது. ஒரே கருவி, ஒரே இசைவகை, இரு எதிரெதிர் அணிகள். கலை என்பது வர்க்கப் போராட்டம் நடைபெறும் களம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

அந்நியம் என்பது எது?

கிதார் வெளியிலிருந்து வந்தது என்பது உண்மை. வயலினும் அவ்வாறே வந்தது. ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவினரிடமிருந்து அதைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தவர்களில் முன்னோடி பாலுசாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையைக் கற்பனை செய்வதும் அரிது. அதை எவரும் அந்நியக் கருவி என்பதில்லை. சபாவில் ஏறினால் சுதேசி, தொழிலாளி மகன் கையில் ஏறினால் விதேசி என்பது இசை இலக்கணமன்று.

தமிழ் மரபோ தந்திக் கருவியோடு பிறந்தது. தொல்காப்பியம் யாழைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது; ஆற்றுப்படை நூல்கள் பாணர் கையிலிருந்த யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றன. யாழ் ஏந்தி ஊர் ஊராகச் சென்ற அப்பாணர் பிற்காலத்தில் சமூகப் படிநிலையின் அடியில் தள்ளப்பட்டனர். யாழும் வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தை மீட்க விபுலானந்தர் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1947-இல் ‘யாழ்நூ’லை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு கருவி அழிவது அதைத் தொட்ட கைகள் இழிவுபடுத்தப்படும்போதுதான். தமிழர் வரலாறே தரும் பாடம் இது.

கிதாருக்கும் பொதுவுடைமை மேடைக்கும் தமிழில் ஒரு நேரடி உறவும் உண்டு. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடி வாக்குச் சேகரித்தவர் பாவலர் வரதராசன். பின்னர் அவர் குழுவில் ஊர் ஊராகச் சென்ற இளைய தம்பியே இளையராஜா. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். 1980-இல் ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-இல் ‘இளைய நிலா’ ஆகிய பாடல்கள் வழியே பட்டிதொட்டியெங்கும் கிதாரின் ஒலி சென்று சேர்ந்தது. 2022-இல் அவர் ஏற்ற மாநிலங்களவை நியமனத்தைப் பற்றி இடதுசாரிகளுக்குக் கடும் விமர்சனம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த இசையின் பயிற்சிக்களம் செங்கொடி மேடை என்னும் வரலாற்றை எவரும் பறித்துவிட முடியாது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கானாவையும் பறையையும் கிதாரோடு சேர்த்து மேடையேற்றியபோது, அந்த வழி மீண்டும் திறந்தது.

இடமும் நேரமும்

கிதார் கற்பது எளிதன்று. முதல் சில வாரங்களுக்கு இடக்கை விரல் நுனிகள் எரியும். பின்னர் அங்கே காய்ப்பு ஏறும், வலி மறையும். ஜி, சி, டி ஆகிய கார்டுகள் கைவந்தபின், சுட்டுவிரலை ஆறு தந்திகள் மீதும் கிடத்தி அழுத்த வேண்டிய ‘எஃப்’ கார்டில் பலர் மனம் தளர்ந்து கருவியை மூலையில் வைத்துவிடுகின்றனர். இதைக் கடக்கப் பெருந்திறமை வேண்டியதில்லை. நாள்தோறும் அரைமணி நேரப் பயிற்சி வேண்டும். ஒலி எழுப்பினால் எவரும் விரட்டாத ஓர் அறை வேண்டும். பழகு கருவியொன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கடன் வாங்கியும் பழகலாம். அரைமணி நேரமும் அறையும்தாம் உழைப்பவருக்குக் கிட்டாத பொருள்கள்.

ஈஜிபுராவில் அந்த அறைக்கு நேர்ந்தது என்ன? பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி கட்டிய அடுக்குக் குடியிருப்புகள் தரமின்மையால் இடிந்து விழத் தொடங்கின. மக்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் ஒண்டினர். பழுதுபட்ட வீட்டைப் புதுப்பித்துத் தர வேண்டிய அரசு, ஏறத்தாழ 15 ஏக்கர் நிலத்தைத் ‘தனியார் பங்கேற்பு’க்கு விட்டது: ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மற்றொரு பகுதி வணிக வளாகத்துக்கு. 2013 ஜனவரியில் புல்டோசர்கள் வந்தன. காவல்துறை சூழ, ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்குத் தள்ளப்பட்டன. தலித்துகள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள். அவர்களுள் தமிழ் பேசுவோர் ஏராளம். பாத்திரங்களும் பாடநூல்களும் நடைபாதையில் கிடந்தன. குளிரில், சுவரோரமாகப் படுத்த பிள்ளைகளிடம் இசை கற்பதைப் பற்றிப் பேசுவதே கொடுமை.

இந்த மக்களின் முன்னோரே நகரைக் கட்டியவர்கள். 1809-இல் ஆங்கிலேயர் இராணுவக் குடியிருப்பை அமைத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து கூலிகளாக, கொத்தர்களாக, சமையற்காரர்களாக வந்த தமிழர்களின் வழியினர் பலர். அந்தக் குடியிருப்பின் வாத்தியக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் ஆங்கிலோ-இந்தியர் நடன மன்றங்களிலும் வளர்ந்த மேலை இசை மரபின் தொடர்ச்சியே பெங்களூருவின் ராக் பெருமை. நகரம் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டது. அதைச் சுமந்த தோள்களை நகரின் விளிம்புக்கு அனுப்பியது.

நேரத்தின் கதை இன்னும் விரிவானது. அது வெளியேற்றப்பட்டோரை மட்டுமன்றி, வெளியேறாமல் இருப்போரையும் தொடுகிறது. 2023-இல் பாஜக ஆட்சியில் கர்நாடகம் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது. 2024 ஜூலையில் காங்கிரஸ் ஆட்சியில் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு 14 மணி நேர வேலைநாள் என்னும் முன்மொழிவு வந்தது. ஐ.டி. ஊழியர் சங்கமான கே.ஐ.டி.யு. களமிறங்கி எதிர்த்தது, அரசு தயங்கியது. 2025-இல் அதே எண்ணம், கூடுதல் வேலையையும் சேர்த்து 12 மணி நேரம் என்னும் வடிவில் மீண்டும் தலைகாட்டியது. கட்சி மாறினும் கணக்கு மாறவில்லை. பதினான்கு மணி நேரம் அலுவலகத்துக்கு. ஓரிரு மணி நேரம் பெங்களூருவின் போக்குவரத்து நெரிசலுக்கு. எஞ்சியது பெரும்பாலும் உறக்கத்துக்கே போய்விடும். மூலையில் தூசி படியும் கிதார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் மென்பொருள் ஊழியரும் தொழிலாளியே என்பதை எந்தத் துண்டறிக்கையையும்விட நன்றாகச் சொல்லும்.

1886-இல் சிக்காகோத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைநாள் கேட்டு இரத்தம் சிந்தினர். உழைப்புக்கு எட்டு, உறக்கத்துக்கு எட்டு, தமக்கென எட்டு என்பதே முழக்கம். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றியபோதும் அதே கோரிக்கைதான் காற்றில் இருந்தது. அந்த மூன்றாவது எட்டைப் பற்றி இயக்க மேடைகளில் குறைவாகவே பேசப்படுகிறது. உறங்கவும் உண்ணவும் மட்டுமே வேலைக்கு இடைவெளி கிடைக்கும் மனிதர் சுமை விலங்கினும் தாழ்ந்த நிலைக்கு இறங்குகிறார் என்று 1865-இல் அகிலத்தின் பொதுக்குழுவில் மார்க்ஸ் வாதிட்டார். வேலைநேரப் போராட்டம் கூலிக் கணக்கு மட்டுமன்று. ஒருவர் முழு மனிதராகும் உரிமைக்கான போராட்டமும் ஆகும்.

செய்ய வேண்டியவை

இதிலிருந்து சில கோரிக்கைகள் எழுகின்றன. எட்டு மணி நேரத்துக்கு மேலான வேலைநாளை எந்தப் பெயரில் கொண்டுவந்தாலும் முறியடிக்க வேண்டும். அப்போராட்டத்தில் ஆலைத் தொழிலாளியும் ஐ.டி. ஊழியரும் உணவு விநியோகத் தொழிலாளியும் ஒரே அணியில் நிற்க வேண்டும். ஈஜிபுராவிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் வீட்டுரிமை பேரத்துக்குரியதன்று. ஏழைகளுக்குக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் பொது நூலகமும் இசை பழகும் அறையும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அரசுப் பள்ளிகளில் இசையாசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு இயக்கம் தானும் செய்யக்கூடியது உண்டு. கட்சி அலுவலகங்கள் பலவற்றின் கூடங்கள் கூட்டமில்லாத மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. வாரம் ஒரு மாலை அவற்றைத் திறந்துவிடலாம். பறை அறிந்த தோழர் அதைக் கற்பிக்கட்டும். கிதார் அறிந்த ஐ.டி. ஊழியர் வந்து மூன்று கார்டுகளைச் சொல்லித் தரட்டும். தெருவின் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் வாசிக்க விரும்புவது டிலன் பாட்டானால் அதையே வாசிக்கட்டும். அப்பாட்டின் வரலாற்றையும் உடன் அறியட்டும்.

சிலியின் விக்டர் ஹாரா, விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தாயின் கிதாரொலி கேட்டு வளர்ந்தவர், கம்யூனிஸ்ட். 1973 செப்டம்பரில் இராணுவச் சதிகாரர்கள் அவரைச் சாண்டியாகோ விளையாட்டரங்கில் அடைத்துச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றனர். இன்று அந்த அரங்கு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைச் சிறைப்பிடித்தவர்களுக்குக் கிதாரின் ஆற்றல் என்னவென்று தெரிந்திருந்தது. ஈஜிபுராவின் மாடிப்படிகளில் கிதார் சுமந்து ஏறும் இளைஞர்களைக் காணும் தோழர்களும் அதை அறிந்துகொள்ள வேண்டிய நேரம் இது.