திரும்பி வருவதற்கு ஒரு ஜாமீன்

வெளிநாடு பார்க்கப் புறப்படுகிறவனை, "நீ திரும்பி வந்துவிடுவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், தப்பில்லை. வாசலில் வந்து நிற்கிறவனை, 'யார் நீ, எதற்கு வந்தாய், எத்தனை நாள் தங்குவாய்?' என்று விசாரிக்க எந்த வீட்டுக்காரனுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்குத் தகுந்த பதில் என்று அவர்கள் கேட்டு வாங்குவது எதை? ஒரு விமான டிக்கெட்டை! அதை நீட்டினால் யோக்கியன், நீட்டாவிட்டால் சந்தேகத்துக்குரியவன்.

திரும்பும் டிக்கெட் என்பது திரும்பும் எண்ணத்துக்குச் சாட்சி அல்ல. மடியிலே இருக்கும் பணத்துக்குச் சாட்சி. இதுதான் என் கட்சி.

டூரிஸ்ட் விசாவுக்கு மனுப் போடும்போதே திரும்பும் டிக்கெட் இருக்கவேண்டுமா என்று கேட்டால், எல்லாத் தேசத்துக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. அமெரிக்க சர்க்கார், 'விசா கைக்கு வருமுன் டிக்கெட் வாங்காதீர்கள்' என்றே சொல்கிறது. மனுப் போடுகிற ஒவ்வொருவனையும் 'இவன் இங்கேயே தங்கிவிட வருகிறவன்' என்றுதான் அந்நாட்டுச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது; அப்படியல்ல என்று நிரூபிப்பது மனுதாரனின் பொறுப்பு. கடுமையான சட்டந்தான். ஆனாலும் டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ போகவர டிக்கெட்டையோ, அதற்குப் பதிவு செய்த சீட்டையோ அத்தாட்சியாகக் கேட்கின்றன. மனுக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமலே முப்பது நாள் அனுமதிக்கிறது. விசாதான் இல்லையே ஒழிய, 'திரும்பும் டிக்கெட் எங்கே?' என்ற கேள்வி விமான நிலையத்தில் காத்துக்கொண்டிருக்கிறது.

குதிரை வாங்குமுன் லாயம் கட்டு என்கிறார் ஒருவர். கட்டாதே என்கிறார் இன்னொருவர். இந்தக் குழப்பத்தில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். 'டம்மி டிக்கெட்' என்று ஒன்று. சில நூறு ரூபாய் கொடுத்தால் நம் பெயரில் ஒரு பதிவு எண் கிடைக்கும். ஓரிரு நாள் உயிரோடிருந்து, பிறகு தானே செத்துப்போகும். டிராவல்ஸ்காரருக்கு அது பொய் என்று தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும், வாங்கி வைத்துக்கொள்கிற உத்தியோகஸ்தருக்கும் தெரியாமலிராது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டால் காரியம் நடந்துவிடுகிறது. இதற்குப் பெயர் பரிசோதனையா? பொய் சொல்லத் தெரிந்தவன் தாண்டிவிடுகிறான். பொய் சொல்லக் கூசுகிறவன் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டு, விசா வருமா வராதா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

விமானக் கம்பெனிகளும் இதில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. 1944-ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தத்தின் ஒன்பதாவது இணைப்பின்படி, ஒரு நாட்டில் இறங்க அனுமதி கிடைக்காத பிரயாணியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிற பொறுப்பு அவனைக் கொண்டுவந்த கம்பெனியின் தலையில் விழுகிறது. அதனால்தான் நம் ஊரிலே பெட்டியை எடைபோடுகிற பையன், 'டைமாட்டிக்' என்ற விதித் தொகுப்பைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, அந்நிய தேசத்து எல்லைக் காவலனாகிவிடுகிறான். விசா கொடுத்தது ஒரு சர்க்கார்; நம்ப மறுப்பது ஒரு கம்பெனிச் சிப்பந்தி!

அந்நிய நாட்டார் செய்வது இருக்கட்டும். நம்முடைய விமான நிலையத்திலே, நம்முடைய அதிகாரியே நம்முடைய பிரஜையிடம் திரும்பும் டிக்கெட் கேட்கிறார். யாரிடம் தெரியுமா? பத்தாம் வகுப்புத் தேறாதவர்களிடம்.

சென்னைவாசிகளுக்கு ஈ.சி.ஆர். என்றால் கடற்காற்று வீசுகிற சாலை. தர்மபுரி ஜில்லாவில் வெளிநாடு போக நினைக்கிற கூலிக்காரருக்கு அது பாஸ்போர்ட்டில் விழுகிற முத்திரை. குடியேற்றச் சோதனைக்கு உட்பட்டவர் என்று அர்த்தம். பத்தாவது தேறியவருக்கு அது கிடையாது. வருமான வரி கட்டுகிறவருக்குக் கிடையாது. ஐம்பது வயது தாண்டியவருக்குக் கிடையாது. மற்றவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து முதலான 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டுமானால், 1983-ஆம் வருஷச் சட்டப்படி தனி அனுமதி பெறவேண்டும். வேலைக்கல்லாமல் வேறு காரியமாகப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் திரும்பும் டிக்கெட்டும் காட்டினால் போதும் என்று 2007 அக்டோபரில் ஒரு சலுகை வந்தது. முன்பிருந்த அலைச்சலுக்கு இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சலுகையின் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள்: டிக்கெட்!

2011 ஜனக்கணக்குப்படி தர்மபுரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 68.54 பேர், தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு. பள்ளிப் படிப்பை ஒழுங்காகக் கொடுக்காதது யார் குற்றம்? அந்தக் குற்றத்துக்கு அபராதம் கட்டுகிறவர் யார்?

கடத்தூரிலே ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நாற்பத்தைந்து வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால், இரண்டு மாடு. மகளைக் கட்டிக்கொடுத்தது மலேசியாவில். தலைப்பிரசவத்துக்குத் தாய் போகாமல் யார் போவார்? அவளிடம், 'எந்தத் தேதியில் திரும்புவாய், டிக்கெட்டைக் காட்டு' என்கிறார்கள். பிரசவம் பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது? ஒரு வாரம் முந்தும். ஒரு வாரம் பிந்தும். மலிவான டிக்கெட்டில் தேதியை மாற்றினால் அபராதம்; ரத்துச் செய்தால் பணமே போய்விடும். தேதியை மாற்றிக்கொள்ள இடம் தருகிற டிக்கெட்டோ விலை அதிகம். மூன்று தேசம் சுற்றிப் பார்க்கப் போகிற பட்டதாரிக்கு அதே விமான நிலையத்தில், நம் அதிகாரியிடம், இந்தக் கேள்வியே கிடையாது. அவருக்கு விட்டுப் போக ஒரு வங்கிக் கணக்கு இருக்கலாம். அவளுக்குக் கொடிக்கால் இருக்கிறதே! தண்ணீர் கட்டாவிட்டால் வாடிப்போகிற அந்தக் கொடியைவிடப் பெரிய ஜாமீன் எது?

"ஐயா, ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்களே! சுற்றுலா என்று சொல்லி அழைத்துப்போய் ஏழைகளைத் தோட்டத்திலும் ஹோட்டலிலும் அடிமை வேலைக்கு விட்டுவிடுகிறார்களே! அதைத் தடுக்கத்தானே இந்த விதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் கொடுமை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏஜெண்டு என்ன செய்கிறான்? திரும்பும் டிக்கெட்டையும் அவனே வாங்கி, ஆள் கையிலே கொடுத்து அனுப்புகிறான். அக்கரையில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டால் டிக்கெட் வெறும் காகிதம். ஏஜெண்டுக்கு அது வியாபாரச் செலவில் ஒரு வரி. அந்தச் செலவும் ஏழையின் கடன் கணக்கிலேதான் ஏறுகிறது. தண்டிக்கவேண்டியது பதிவு இல்லாமல் ஆள் பிடிக்கிறவனை. அதற்கு அதே 1983-ஆம் வருஷச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவனை விட்டுவிட்டு மகள் பிரசவத்துக்குப் போகிறவளை நிறுத்திவைப்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

டிக்கெட்டைச் சாக்காக வைத்து மனிதனைத் தடுப்பது புது யுக்தியும் அல்ல. 'பிறந்த நாட்டிலிருந்து, அங்கேயே வாங்கிய டிக்கெட்டில், நடுவில் எங்கும் தங்காமல் வருகிறவன்தான் இறங்கலாம்' என்று 1908-இல் கனடா ஒரு விதி செய்தது. இந்தியன் என்ற சொல் அதில் இல்லை. இந்தியரைத் தடுக்கத்தான் அது பிறந்தது. 1914 மே மாதம் 'கோமகட்டா மாரு' என்ற கப்பல் 376 இந்தியர்களோடு வான்கூவர் துறைமுகம் சேர்ந்தது. பெரும்பாலோர் சீக்கியர். கப்பல் ஹாங்காங்கிலிருந்து வந்தது என்பதும் அவர்களைத் தடுக்க ஒரு காரணமாயிற்று. இரண்டு மாதம் தண்ணீரிலேயே நிறுத்திவைத்து, இருபது சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க ஒரு கனடியப் பிரதமருக்கு 2016 வரை பிடித்தது. இன்றைய விதி அவ்வளவு கொடியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்வைக்கு நிரபராதியான ஒரு டிக்கெட் விதி யார் கழுத்தில் போய் விழுகிறது என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இந்தச் சரித்திரம் போதும்.

நாமும் சளைத்தவர்கள் அல்லர். நம் நாட்டுக்கு ஈ-விசாவில் வருகிற அந்நியரிடம், திரும்பும் டிக்கெட்டோ அடுத்த ஊருக்கு டிக்கெட்டோ இருக்கவேண்டும், செலவுக்குப் பணமும் இருக்கவேண்டும் என்று நாமும் சொல்லிவைத்திருக்கிறோம். எனவே பிறரைக் குறை சொல்லுமுன் நம் வாசலை நாம் பெருக்கவேண்டும்.

என்ன செய்யலாம்? விசாவுக்கு மனுப் போடுகிறவனிடம் பிரயாணத் திட்டத்தைக் கேளுங்கள்; டிக்கெட்டை, விசா கொடுத்த பிறகு கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் டிக்கெட் பணத்தை முழுதும் திருப்பிக் கொடுக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சொந்த நாட்டை விட்டு வெளியே போகிற பிரஜையைப் பத்தாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டால் அளக்கிற வழக்கத்தை நம் சர்க்கார் நிறுத்தட்டும். வேலைக்குப் போகிற ஏழைக்குக் காவல் வேண்டும். உறவைப் பார்க்கப் போகிற ஏழைக்கு வேண்டியது வழி.

ஓடிப்போக நினைப்பவனை எந்த டிக்கெட்டும் இழுத்து வராது. திரும்பி வர நினைக்கிறவளுக்கு ஊரிலே ஆயிரம் கயிறு இருக்கிறது. அவளிடம் கூடுதலாக ஒரு கயிற்றை விலைக்கு வாங்கி வரச் சொல்வது எச்சரிக்கை அல்ல, அவமதிப்பு.